பிரித்த லாபம் திரும்பி வருமா?

நஷ்டத்தைப் பிரிக்கும்போதுதான் கூட்டாளிகளுக்குள் சண்டை வரும், லாபத்தைப் பிரிப்பதில் என்ன சங்கடம் என்று சிலர் நினைப்பதுண்டு. கூட்டு வியாபாரம் செய்து பழகியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். நாம் கண்ட வரையில், நஷ்டம் வந்தபோது ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற கூட்டாளிகள், நல்ல லாபம் கண்ட வருஷத்தில் முகம் பார்க்காமல் பிரிந்து போயிருக்கிறார்கள். எவ்வளவு பிரிப்பது, எவ்வளவு கடையில் விட்டு வைப்பது, பிரிப்பதற்கு முன் யார் யாருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பவையெல்லாம் கணக்கப்பிள்ளையின் வேலை போலத் தோன்றினாலும், அவற்றின் அடியில் இருப்பது ஹக்கு. ஆதலின் இதைச் சங்கத்துப் பத்திரிகையில் எழுதுவது பொருந்தும் என்று துணிந்தோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. எனினும் பேரேடு பார்க்கத் தெரியும். அது இந்த விஷயத்துக்குப் போதும்.

கம்பெனிக்காரர்கள் டிவிடெண்ட் என்பார்கள். நம் பத்திரிகைகள் லாப ஈவு என்று எழுதுகின்றன. அதைப் பற்றிப் பேச நாம் எடுத்துக்கொண்டது, வீட்டிலிருந்தபடியே நோய் உண்டா இல்லையா என்று சோதிக்கும் கருவிகளைச் செய்து விற்ற சிறு கம்பெனிகளை. மளிகைக் கடையில் இருபது வருஷத்தில் மெல்ல மெல்லத் தெரியவரும் ஒரு காரியம், இக்கம்பெனிகளில் மூன்றே வருஷத்தில் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. வெள்ளம் போல் லாபம் வந்தது. வெள்ளம் வடிவது போலவே வடிந்தும் போயிற்று.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. நம் யோங் பெங், வழிப்பிரயாணிகளை நம்பி வாழும் ஊர். நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிறவர்கள், பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் லாபீசுக்கும் திரும்புகிறவர்கள், சாப்பாட்டுக்காக நிற்கிற பஸ்கள், இவைதான் இவ்வூர்க் கடைகளுக்கு உயிர். அவை நின்ற பின் தெரு எப்படிக் கிடந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மறு வருஷம் ஜூலை மாதத்தில், சுகாதார இலாகாவின் நிபந்தனை அனுமதியோடு முதல் இரண்டு சுயப் பரிசோதனைக் கருவிகள் மருந்துக் கடைகளுக்கு வந்தன. ஒன்று சாலிக்ஸியம், மற்றொன்று ஜிமேட். விலை 39 வெள்ளி 90 காசு. ஐந்து பேர் உள்ள வீட்டில் எல்லோரையும் ஒருமுறை சோதித்தால் இருநூறு வெள்ளி. தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது பல நாள் சம்பளம். அரசாங்கம் அந்த ஆண்டு செப்டம்பர் 5 முதல் சில்லறை விலை 19 வெள்ளி 90 காசுக்கு மேல் போகக் கூடாதென்று வரம்பு கட்டியது. இரண்டே மாதத்தில் விலை பாதியாயிற்று.

நோய்க் காலத்தில் நோய்க் கருவி விற்று லாபம் பார்ப்பது பாவமா என்று இங்கே ஒரு கேள்வி எழும். மருந்து செய்கிறவனும் கஃபன் துணி விற்கிறவனும் லாபமில்லாமல் விற்க வேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை. பதுக்கினானா, கலப்படம் செய்தானா, அச்சத்தைத் தூண்டி விலையேற்றினானா என்பதே கேள்வி. அது தனிப் பேச்சு. நேர்மையாக வந்த லாபம் என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம். அந்த லாபம் பெட்டிக்குள் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

உலகில் நடந்ததைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் எல்லூம் என்றொரு கம்பெனி. டாக்டர் ஒருவர் தொடங்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி வீட்டிலேயே முழுதும் செய்து பார்க்கும் கோவிட் சோதனைக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்றது இக்கம்பெனிதான். அது 2020 டிசம்பரில். 2021 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் 23 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கொடுத்தது. அந்த மாதத்தில் அக்கம்பெனியின் பங்கு வைத்திருந்த ஒருவர் தம்மை எவ்வளவு பெரிய தனவந்தராக நினைத்திருப்பார்! அதே வருஷம் அக்டோபரில், நோயில்லாதவருக்கும் நோய் உண்டென்று சில கருவிகள் காட்டுவதாகக் கண்டு, விற்ற சரக்கைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நவம்பருக்குள் அந்தக் கணக்கு இருபது லட்சத்தைத் தாண்டியது. 2022 ஆகஸ்ட் முடிவில் கம்பெனி நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

கலிபோர்னியாவில் லூசிரா என்று ஒன்று. 2021 பிப்ரவரியில் பொது ஜனங்களுக்குப் பங்கு விற்றது, ஒரு பங்கு 17 டாலர். 2023 பிப்ரவரி 22ஆம் தேதி திவால் மனுப் போட்டது. கோவிட்டையும் ப்ளூ சுரத்தையும் ஒரே கருவியில் வீட்டில் சோதிக்க அது கேட்டிருந்த அனுமதி வந்தது பிப்ரவரி 24ஆம் தேதி. இரண்டு நாள்! அந்த இரண்டு நாளைக் கடக்க அதன் கையில் பணமில்லை. பிறகு ஃபைசர் கம்பெனி அதை மூன்றரைக் கோடி டாலர் அளவில் வாங்கிக்கொண்டது. சான் டியாகோ நகரத்துக் கியூ ஹெல்த் என்பதும் 2021 செப்டம்பரில் 16 டாலருக்குப் பங்கு விற்றுப் பெரும் பணம் திரட்டி, 2024 மே மாதத்தில் கதவைச் சாத்தியது.

இவர்கள் லாபத்தை வாரிப் பிரித்ததால் வீழ்ந்தார்கள் என்பது நம் வாதமன்று. இந்தச் சரக்கின் குணத்தைக் காட்டவே இவற்றைச் சொன்னோம். சோதனைக் கருவி அரிசி மூட்டையைப் போன்றதன்று. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டினால் கிடங்கு நிறைய இருந்தாலும் குப்பைதான். நோய் தணிந்தால் கேட்க ஆளில்லை. அனுமதி ஓர் இலாகாவின் கையெழுத்தில் தொங்குகிறது. ஒரு தொகுதி பிசகினால் விற்று முடித்ததாக எண்ணிய சரக்கெல்லாம் திரும்பி வந்து வாசலில் நிற்கும். இப்படிப்பட்ட வியாபாரத்தில் இந்த வருஷத்து லாபம் இவ்வளவு என்று டிசம்பர் 31ஆம் தேதி எழுதுவது, பாதி கணக்குத்தான். மீதிப் பாதி அடுத்த வருஷத்திலும் அதற்கடுத்த வருஷத்திலும் எழுதப்படும். நம்மில் பட்டாசும் பெருநாள் துணியும் விற்கிறவர்களுக்கு இது புரியும். பெருநாள் முடிந்து தங்கிய சரக்கை எண்ணாமல் பெருநாள் லாபத்தைச் சொல்கிறவன் கடைக்காரன் அல்லன்.

இங்கேதான் நாம் ஓதிய பழைய மஸ்அலா ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, லாபத்தை இருவரும் பேசிய விகிதப்படி எடுத்துக்கொள்ளும் முழாரபத் வியாபாரத்தைப் பற்றிக் கிதாபுகள் விரிவாகப் பேசுகின்றன. நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரின் மேல். உழைத்தவருக்கு உழைப்பு வீண். லாபம் என்பது முதல் முழுதாக நின்ற பிறகு மிஞ்சுவது மட்டுமே. நம் ஹனபி மத்ஹபுச் சட்டத்தில் இன்னும் ஒரு படி உண்டு. வியாபாரத்தை முடிக்காமல் நடுவழியில் லாபத்தைப் பிரித்துக்கொண்டார்கள்; பிறகு முதலில் நஷ்டம் விழுந்தது; அப்பொழுது இருவரும் முன்பு பிரித்துக்கொண்டதைத் திருப்பிக் கொண்டுவந்து முதலை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் அவரவர் பங்கு. நடுவில் பிரித்தது கைச்செலவுக்காகக் கொடுத்த முன்பணம் போன்றதே தவிர, முடிந்த கணக்கு அன்று.

சிறு வயதில் இதை ஓதியபோது, செலவழித்துவிட்ட லாபத்தை எப்படித் திருப்புவது என்று நமக்கு விளங்கவில்லை. கடை நடத்திய பிறகு விளங்கிற்று. கூட்டாளி நாளைக்கும் நம் எதிரில் உட்காரப் போகிறவர். அவருடைய வீடு தெரியும். மாமனார் வீடும் தெரியும். பிரித்த லாபத்தைக் கேட்டு வாங்க வழி உண்டு.

கம்பெனியில் அந்த வழி இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்றைக்குப் பங்கு வைத்திருப்பவர் நாளைக்கு விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அவர் வாங்கிக்கொண்ட லாப ஈவு அவரோடு போய்விடுகிறது. நம் நாட்டில் 2017 ஜனவரி முடிவிலிருந்து நடப்பில் இருக்கும் 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், லாபத்திலிருந்து மட்டுமே பிரிக்கலாம் என்கிறது. பிரித்த பிறகும் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வரும் கடன்களைத் தவணை தவறாமல் கட்டக் கம்பெனிக்குச் சக்தி இருக்குமென்று டைரக்டர்கள் திருப்தியடைந்திருக்க வேண்டும் என்கிறது. மீறினால் டைரக்டர்கள் பதில் சொல்ல வேண்டும். பங்குதாரரிடம் திரும்ப வசூலிக்கவும் வழி வைத்திருக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு, விவரம் அறியாமல் வாங்கியவரிடம் கேட்க முடியாது. விவரம் அறிந்து வாங்கும் சிறு பங்குதாரர் எத்தனை பேர்?

ஆக, கூட்டுக் கடையில் பிரித்த லாபம் திரும்பி வரலாம். கம்பெனியில் பிரித்தது திரும்பி வராது. ஆதலின் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு, கம்பெனியில் கடையைவிடப் பத்து மடங்கு கண்டிப்பாக இருக்க வேண்டும். உலக வழக்கமோ நேர்மாறாக இருக்கிறது. எங்கள் கொள்கை லாபத்தில் பாதியைப் பிரிப்பது என்று முன்கூட்டியே விளம்பரம் செய்கிறார்கள். நல்ல வருஷத்தில் அது முக்கால் பங்காகிறது. கணக்கு முடியாமலே கை நீள்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே கண்ணெதிரில் நடந்த உதாரணம் டாப் குளோவ் கம்பெனி. அது சிறு கம்பெனியுமன்று, சோதனைக் கருவி செய்வதுமன்று, கையுறை செய்வது. ஆனால் அதே நோய், அதே அச்சம், அதே வெள்ளம். 1991இல் கிள்ளான் பக்கத்தில் ஓர் ஆலையோடு தொடங்கி உலகிலேயே பெரிய கையுறைக் கம்பெனியாக வளர்ந்த அதன் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் முடிந்த வருஷத்தில் அதன் லாபம் சுமார் 190 கோடி வெள்ளி. அடுத்த வருஷம் சுமார் 790 கோடி. பாதியைப் பிரிப்பது என்றிருந்த கொள்கையோடு விசேஷ ஈவாக இன்னும் இருபது விழுக்காடு சேர்ந்தது. தன் பங்குகளைத் தானே சந்தையில் திரும்ப வாங்குவதற்கு நூறு கோடி வெள்ளிக்கு மேல் செலவழித்தது. யோங் பெங்கில் டீக்கடையில் உட்கார்ந்தவர்கள்கூட அந்நாளில் தேயிலை விலையைப் பேசாமல் கையுறைப் பங்கு விலையைப் பேசினார்கள்.

அதே காலத்தில் வேறொரு கணக்கும் வெளிவந்து கொண்டிருந்தது. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய வேலை வாங்கப்படுவதாகச் சந்தேகப்பட்டு அக்கம்பெனியின் துணைக் கம்பெனிகள் இரண்டின் சரக்கைத் தடுத்தது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், இங்கே வேலை கிடைப்பதற்காகத் தங்கள் ஊர் ஏஜெண்டுகளுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடன் தீரும் வரை இங்கே அவர்கள் உழைத்தது யாருக்காக? நவம்பரில் அவர்கள் தங்கிய இடங்களில் நோய் புகுந்து ஆயிரக்கணக்கானவரைப் பிடித்தது. 28 ஆலைகளைப் படிப்படியாக மூட அரசாங்கம் ஆணையிட்டது. உலகத்தார் கையை நோயிலிருந்து காத்த கையுறையைச் செய்தவர்கள் நெருக்கியடித்துப் படுத்து நோய் வாங்கினார்கள். 2021 மார்ச்சில் அமெரிக்கா தடையை இன்னும் கடுமையாக்கியது. முன்னாள் தொழிலாளர்க்கும் இந்நாள் தொழிலாளர்க்குமாகச் சேர்த்து, அவர்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்ததற்கு ஈடாக ஏறக்குறைய 15 கோடி வெள்ளியைக் கம்பெனி கொடுத்து முடித்தது. அந்த வருஷம் செப்டம்பரில் தடை நீங்கியது.

அந்த 15 கோடி எந்த வருஷத்துச் செலவு? கணக்குப் புத்தகத்தில் அது 2020, 2021 என்று ஏறியிருக்கலாம். உண்மையில் அது அத்தொழிலாளர்கள் கப்பலோ விமானமோ ஏறிய வருஷங்களின் செலவு. ஆள் கொண்டுவரும் செலவை முதலாளி ஏற்க வேண்டியிருக்க, ஏழை ஏற்றான். அந்த வருஷங்களில் லாபம் அந்த அளவுக்கு அதிகமாகக் காட்டப்பட்டது. அதிலிருந்து ஈவும் பிரிக்கப்பட்டது. அன்று அதை வாங்கிச் செலவழித்தவர்களில் எத்தனையோ பேர் பங்கை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் வாங்கியதில் ஒரு துளி, டாக்காவுக்குப் பக்கத்தில் நிலத்தை அடகு வைத்த ஒரு குடியானவனுடையது. அவர்களுக்கு அது தெரியாது. திருப்பிக் கொடுத்தவர்களோ பின்னால் வந்த பங்குதாரர்கள்.

790 கோடி லாபம் வந்த சமயத்தில் இந்தக் கடன் வந்து நின்றது டாப் குளோவின் நஸீபு. 2023 ஆகஸ்டில் முடிந்த வருஷத்தில் அதே கம்பெனிக்கு நஷ்டம் 90 கோடிக்கு மேல். அப்பொழுது வந்திருந்தால் எப்படியிருக்கும்? ஒரு சிறு சோதனைக் கம்பெனிக்கு அப்படிப்பட்ட நஸீபு வாய்க்குமென்று யார் சொல்வது?

இதைப் படிக்கும் வியாபாரிகள் கையுறைக் கம்பெனியைக் குறை சொல்லி நிம்மதியாக உறங்கிவிடக் கூடாது. நம் சாப்பாட்டுக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஏஜெண்டுக்கு என்ன கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று கேட்ட முதலாளிகளும் இருக்கிறார்கள், கேளாதவர்களும் இருக்கிறார்கள். கேளாதவருடைய ஐந்தொகையில் லாபம் சற்றுக் கூடுதலாகத்தான் தெரியும்.

இன்னொரு உதாரணம் நம் எல்லோருடைய வீட்டையும் தொடுவது. தாபுங் ஹாஜி 1963 முதல் ஹஜ்ஜுக்குப் போக எண்ணுகிறவர்களின் சேமிப்பைக் காத்து வருகிற ஸ்தாபனம். அதன் சட்டத்தில், சொத்து பொறுப்புகளைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே ஆதாயம் பிரிக்கலாம் என்றிருக்கிறது. 2018 டிசம்பரில் அன்றைய அமைச்சர் பார்லிமெண்டில், பொறுப்புகள் சொத்தைவிட மிகுந்திருந்த வருஷங்களிலும் ஆதாயம் பிரிக்கப்பட்டது என்று அறிவித்தார். அதற்கு முன்பிருந்த நிர்வாகத்தார் இதை மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்ல. மதிப்புக் குறைந்த சொத்துகளை அரசாங்கத்தின் வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. 2018ஆம் வருஷத்துக்கு வழங்கிய ஆதாயம் நூற்றுக்கு ஒன்றேகால். அதற்கு முந்தைய வருஷம் ஆறேகால் வாங்கிப் பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறேகால் வாங்கியபோது அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் நம் ஊரில் ஒருவரும் இல்லை. ஜனங்கள் அதிகமாக வரும் வருஷத்தில் கணக்குக் கேட்பதில்லை, குறைவாக வரும் வருஷத்தில்தான் கேட்கிறார்கள் என்பது நிர்வாகிகளுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு சொன்னதால், எதையும் பிரிக்காமல் பெட்டியில் பூட்டி வைப்பதே தர்மம் என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். பூட்டி வைப்பதிலும் அநியாயம் உண்டு. சொல்லப் போனால், நம் சமூகத்தில் இந்த அநியாயமே அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

தென் கொரியாவில் ஹியூமாசிஸ் என்று ஒரு சோதனைக் கருவிக் கம்பெனி. நாம் சொல்லி வந்த அதே வகை. கோவிட் காலத்தில் பெரும் பணம் சேர்ந்தது. 2022இல் அதன் சிறு பங்குதாரர்கள், சேர்ந்த பணத்துக்கு ஏற்றபடி லாப ஈவு தரவில்லை என்று திரண்டு நிர்வாகத்தோடு மோதினார்கள். 2023 தொடக்கத்தில் பெரும் பங்கு வைத்திருந்தவர் தம் பங்கை வேறொருவருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். அதன் பிறகு அக்கம்பெனி, நோய்ச் சோதனைக்குச் சம்பந்தமில்லாத ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலில் இறங்கியது. வருங்காலத்துக்காக வைத்திருக்கிறோம் என்ற பணம், பங்குதாரர் கனவிலும் நினைக்காத வருங்காலத்துக்குப் போயிற்று. பெரியவருக்கு வெளியேற வாசல் இருந்தது. விலை பேசி விற்றார். சிறியவருக்கு ஈவு ஒன்றுதான் வாசல். அதை அடைத்தால் அவர் பங்குதாரர் என்பது பெயரளவுக்குத்தான்.

நம் கூட்டுக் கடைகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூன்று சகோதரர் சேர்ந்து கடை வைக்கிறார்கள். ஒருவர் மௌத்தாகிவிடுகிறார். அவர் பங்கு ஊரிலிருக்கும் மனைவி மக்களுக்கு. கடையில் நிற்கும் இருவரும் மாதச் சம்பளம் எடுக்கிறார்கள். கடைப் பெயரில் கார், கடைச் செலவில் பிள்ளைகளின் படிப்பு, இவை எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும். வருஷ முடிவில் லாபத்தைப் பிரிக்கவில்லை, கடையிலேயே போட்டிருக்கிறோம், எல்லாம் உங்கள் பிள்ளைகளுக்குத்தானே என்று ஊருக்குச் சொல்லி அனுப்புவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கடையில் நிற்கிறவருக்கு லாபம் பிரியாவிட்டாலும் வயிறு நிறைகிறது. ஊரிலிருப்பவர்களுக்கு லாபம் பிரிந்தால்தான் அடுப்பு எரிகிறது. ஒரே பெட்டியைப் பூட்டினாலும் பசி ஒருவருக்கு மட்டும்தான். எத்தீமின் சொத்தைப் பற்றி நம் மார்க்கம் எவ்வளவு அச்சுறுத்தியிருக்கிறது என்பது தெரிந்தவர்களும் இதைச் செய்கிறார்கள். கையை வைத்துத் திருடாததால் அது திருட்டன்று என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் பிரிப்பதும் தவறு, வைப்பதும் தவறா? யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சரித்திரத்தைச் சேமிப்புக்கு உதாரணமாகச் சொல்லாத ஆலிம் இல்லை. ஏழு வருஷம் விளைந்ததைக் கதிரோடு வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். நாம் அதில் கவனிப்பது வேறு. அந்தச் சேமிப்புக்கு ஒரு பெயர் இருந்தது, பஞ்சத்துக்கு என்று. ஓர் அளவு இருந்தது, அந்தந்த வருஷத்துச் சாப்பாட்டுக்கு எடுத்தது போக மீதி என்று. ஒரு காலம் இருந்தது, ஏழு வருஷம் என்று. அந்தக் காலம் வந்ததும் கிடங்கு திறக்கப்பட்டது. திறக்கும் நாள் சொல்லாமல் மூடிய கிடங்கை அந்தச் சரித்திரத்தோடு ஒப்பிடுவது அழகன்று.

ஒரு சிறு சோதனைக் கம்பெனி நம்மிடம் பணம் கேட்டு வந்தால் நாம் இதைத்தான் பார்ப்போம். சம்பளம், ஏஜெண்டுக் கட்டணம், சரக்கு கொடுத்தவர் பாக்கி, வரி, இவை முதலில் தீர்ந்தனவா? கடைகளில் கிடக்கும் கருவிகளின் காலாவதித் தேதி தாண்டும் வரை, திரும்பி வரக்கூடிய சரக்குக்கென்று ஒரு தொகை தனியே ஒதுக்கப்பட்டதா? சட்டம் பன்னிரண்டு மாதத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. கருவியின் ஆயுள் அதைவிட நீளமாக இருந்தால் அதுவரை பார்ப்பதே பேணுதல். அடுத்த கருவியை ஆராய்ச்சி செய்யப் பணம் வேண்டுமென்றால், எந்தக் கருவி, எவ்வளவு, எந்த வருஷத்துக்குள் என்று எழுதட்டும். லூசிராவைப் போல இரண்டு நாளில் முதலை இழக்க நமக்கும் விருப்பமில்லை. ஆனால் எழுதிய வருஷம் கடந்து காரியம் நடக்காவிட்டால், அந்தப் பணம் பங்குதாரருடையது. அதைப் பிரித்துவிட வேண்டும். வேண்டுமானால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்டு வாங்குவது கஷ்டம்தான். கேளாமல் வைத்துக்கொள்வது சுலபமாக இருப்பதே இதில் உள்ள ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது லாபம். அதில் பாதியானாலும் முழுதானாலும் பிரிக்கலாம். அது வெறும் வியாபார யோசனை. இத்தனை விழுக்காடு என்று முன்கூட்டியே கொள்கை வைப்பவர்கள், எதன் மேல் விழுக்காடு என்பதையும் அதே எழுத்தில், அதே அளவில் அச்சடித்தால் நல்லது. (2025 முதல், வருஷத்துக்கு லட்சம் வெள்ளிக்கு மேல் ஈவு வாங்கும் தனி நபர் அந்த மிகுதிக்கு நூற்றுக்கு இரண்டு வரி கட்ட வேண்டும். யோங் பெங்கில் இதனால் உறக்கம் கெட்டவர் இருப்பதாக நமக்குச் செய்தியில்லை.) பிரிக்காமல் வைத்த பணத்துக்கு ஜகாத் யார் மீது, எப்படி என்பதை ஆலிம்கள் இப்பத்திரிகையிலேயே எழுதினால் பலருக்கு உதவும்.

சிலர் சொல்வார்கள், இதெல்லாம் ஆடிட்டர் வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு. நாலு முழ அகலத்தில் கடை வைத்திருக்கிற நமக்கு எதற்கு என்று. நமக்கு இது இன்னும் சுலபம். ஒரு தாளில் ஐந்தொகை எழுதி, வைத்த பணத்துக்கு நேரே எதற்கு, எந்த மாதம் வரை என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும். அந்தத் தாளில் ஒரு நகல் ஊரிலிருக்கும் பங்குக்காரருக்குப் போக வேண்டும். பேரனோ பேத்தியோ வாசித்துக் காட்டும்படி தமிழில் இருக்க வேண்டும்.

நம் கடையிலிருந்து அப்படி ஒரு நகல் சில வருஷங்களாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வருஷம் அதில் குளிர்பெட்டிக்கு என்று ஆறாயிரம் வெள்ளி நிறுத்தி வைத்து எழுதியிருந்தோம். பங்குக்காரர், எழுபது தாண்டிய பெண்மணி, நமக்குப் பெரியம்மா முறை. போனில் கூப்பிட்டு, "ஏன் தம்பி, பழைய பெட்டி என்னாச்சு?" என்று கேட்டார்கள். மோட்டார் போய்விட்டது, மீன் கெடுகிறது என்று சொன்னோம். "சரி, வாங்கிக்கங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள வாங்கலேன்னா என் பங்கை அனுப்பிடுங்க. மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்" என்றார்கள். பெட்டி ஷஃபான் மாதத்தில் வந்து இறங்கியது. விலை ஐயாயிரத்து இருநூறு. மீதி எண்ணூறு வெள்ளியில் அவர்கள் பங்கை மறுநாளே அனுப்பி, சீட்டின் நகலைக் கணக்கோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.